கேஷ் வைக்கும் முன் ஒரு கேள்வி: இந்தத் தகவல் எவ்வளவு பழசைத் தாங்கும்? (முழுமையான வழிகாட்டி)

மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்றதும் "ஒரு ரெடிஸ் போட்டு விட்டுடலாமா?" என்று யாராவது கேட்காத டீம் கிடையாது. ரெடிஸ் என்பது தகவலின் நகலை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ஒரு கேஷ் மென்பொருள். போடலாம்தான். போடுவதற்கு ஒரு மத்தியானம் போதும். ஆனால் கேஷ் என்பது ஒரு பதிலின் நகல். நகல் எடுத்த கணத்திலிருந்தே அது பழசாகத் தொடங்கிவிடுகிறது. வேகம் கிடைப்பது அந்தப் பழசை ஏற்றுக்கொள்வதால்தான். அதனால் எந்தத் தகவல் எத்தனை நேரம் பழசாக இருக்கலாம் என்று முடிவு செய்வதுதான் முதன்மையான வேலை. மற்றதெல்லாம் அந்த முடிவைக் கோடில் (நிரலில்) எழுதுவது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போவோம். ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு செயலி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என ஒவ்வொரு கரையிலும் அன்றைய மீன் விலை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை, காற்று முன்னறிவிப்பு. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றியிருக்கும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண். படகு உரிமையாளருக்கு அவருடைய விற்பனை, முன்பணம், பாக்கிக் கணக்கு. பின்னால் ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். இனி வரும் விலைகளும் நேரங்களும் கணக்குக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போவது வழக்கம். மறுநாள் விடியற்காலையில் கரை திரும்பும்போதுதான் ஏலம் சூடுபிடிக்கும், செயலியும் அப்போதுதான் திணறும். வாரம் முழுக்கச் சராசரி எடுத்தால் இந்தத் திணறல் கண்ணுக்கே தெரியாது. நெருக்கடியான அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைத் தனியாக எடுத்து அளக்க வேண்டும். அதிலும் சராசரியை மட்டும் பார்க்காமல், நூற்றில் 95 கோரிக்கைகள் எத்தனை மில்லிசெகண்டுக்குள் முடிகின்றன என்று பாருங்கள். புகார் வருவது மிச்சம் 5 பேரிடமிருந்துதான்.

நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். போனுக்கும் சர்வருக்கும் நடுவிலா, சர்வர் கோடிலா, டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் க்வெரியிலா? போஸ்ட்கிரஸில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சியை இயக்கினால், மொத்த நேரத்தை அதிகம் தின்னும் க்வெரிகள் வரிசையாக வந்துவிடும். மேலே நிற்பதை எடுத்து எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளை கொடுத்து, அது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். விலை அட்டவணை முழுவதையும் வரிவரியாகத் துழாவுகிறது என்றால் அதற்கு வேண்டியது இண்டெக்ஸ் (தேடுவதற்கான சுட்டுப் பட்டியல்). கேஷ் அங்கே உதவாது. கரை, மீன் வகை, நேரம் மூன்றையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போட்டதும் 200 மில்லிசெகண்ட் 3 ஆகிவிட்டால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு க்வெரிக்குப் பதில், பட்டியலிலுள்ள ஒவ்வொரு மீனுக்கும் ஒன்று என நாற்பது க்வெரி போகிறதா என்பதையும் பாருங்கள். க்வெரியைத் தானே எழுதித் தரும் ஓஆர்எம் நூலகம் பயன்படுத்துகிறவர்களிடம் இது சர்வசாதாரணம்.

இன்னொன்று: டேட்டாபேஸுக்கே சொந்த கேஷ் உண்டு. போஸ்ட்கிரஸின் ஷேர்டு பஃபர்ஸ் அமைப்பு தொடக்கத்தில் 128 எம்பி மட்டும்தான். தனிச் சர்வராக இருந்தால் மொத்த ராமில் கால் பங்கு வரை ஏற்றலாம் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு வரியை மாற்றி மறுதொடக்கம் செய்தால் முடிந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் மெதுவாக இருந்தால்தான் கேஷ். மோசமான க்வெரியின் மேல் கேஷைப் போட்டு மூடினால், கேஷ் காலியாகும் நாளில் அது பழையபடி வந்து நிற்கும்.

படி 2: ஒவ்வொரு தகவலுக்கும் வயது வரம்பு குறியுங்கள்

கோடைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாள் எடுத்து உட்காருங்கள். செயலி காட்டும் ஒவ்வொரு தகவலையும் எழுதி, பக்கத்தில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இது எத்தனை தடவை மாறும்? பழசைக் காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? பலரும் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கூண்டு எண்ணை எடுத்துக்கொள்வோம். வருஷத்தில் பெரும்பாலான நாள் பாம்பனில் கூண்டே ஏற்றியிருக்காது. அரிதாக மாறும் தகவல், அதனால் ஆறு மணி நேரம் கேஷில் வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் மாறுகிற அன்று, மாறிய நிமிஷத்திலேயே தெரிய வேண்டிய தகவல் அது. வத்தையை (சிறு படகை) தள்ளிவிட்டுக் கிளம்பப்போகிறவர் போனில் ஐந்து மணி நேரப் பழைய "எச்சரிக்கை இல்லை" இருந்தால், மென்பொருள் வேகமாக இருந்து என்ன பயன்? மாறும் வேகமும் பழசைத் தாங்கும் அளவும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

இந்தச் செயலிக்கு என் பட்டியல் இப்படி இருக்கும்:

- மீன் பெயர்கள், கரைகளின் பட்டியல்: ஒரு நாள். மாறினால் நாமேதான் மாற்றுவோம், அப்போது கையோடு அழித்துக்கொள்ளலாம்.
- இன்றைய விலை: ஏலம் நடக்கும்போது 30 விநாடி. ஏலம் ஓய்ந்த பிறகு அரை மணி நேரம்கூடத் தாங்கும்.
- நேற்றும் அதற்கு முன்பும் உள்ள விலை: கணக்கு முடிந்த நாளின் விலை இனி மாறாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைக்கலாம். கேஷுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. பலர் இதை விட்டுவிட்டு இன்றைய விலையோடு மல்லுக்கட்டுகிறார்கள்.
- அலை, காற்று முன்னறிவிப்பு: இங்கே "இத்தனை நிமிஷம்" என்று கணக்கு வைக்காமல், அடுத்த அறிக்கை எப்போது வரும் என்பதை வைத்துக் காலாவதி நேரத்தைக் குறியுங்கள். புது அறிக்கை வந்த பிறகும் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.
- கூண்டு எண்: சர்வரில் அதிகபட்சம் ஒரு நிமிஷம். மாறியதும் போனுக்குத் தானாகவே அறிவிப்பு போக வேண்டும்.
- உரிமையாளர் கணக்கு: கேஷே வேண்டாம். இப்போதுதான் விற்பனை பதிவான ஒருவர் திறந்து பார்க்கும்போது பழைய பாக்கியே நின்றால், "தம்பி, என் காசு எங்கே?" என்று போன் வரும். அவரவர் கணக்கை அவரவர்தான் பார்க்கிறார், அதனால் கேஷால் கிடைக்கும் லாபமும் சொற்பம்.

படி 3: எங்கே வைப்பது

போனில், பயனருக்கு அருகிலுள்ள நகல் சர்வர்களான சிடிஎன்னில், சர்வர் புரோகிராமின் சொந்த நினைவகத்தில், ரெடிஸ் மாதிரி எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான இடத்தில் என நான்கு இடம் உண்டு.

வேகக் கணக்கு தோராயமாக இது: ராமிலிருந்து படிக்க 100 நானோசெகண்ட், எஸ்எஸ்டியிலிருந்து 100 மைக்ரோசெகண்ட், ஒரே டேட்டாசென்டருக்குள் இன்னொரு சர்வருக்குப் போய்வர அரை மில்லிசெகண்ட். அதாவது ரெடிஸில் செலவாகும் நேரம் பெரும்பாலும் வலைப்பின்னல் நேரம்தான். மீன் பெயர்ப் பட்டியல் மாதிரி சின்னதும் அடிக்கடி கேட்கப்படுவதுமான தகவலை ரெடிஸ் வரை போய்க் கேட்பது வீண். அதைப் புரோகிராம் நினைவகத்திலேயே வையுங்கள். விலையை அப்படி வைத்தால், இரண்டு சர்வர் ஓடும்போது ஒருவருக்கு ஒரு விலையும் பக்கத்தில் நிற்பவருக்கு வேறு விலையும் தெரியும். ஏலக்கரையில் இது சண்டைக்கு வழி. விலை பொது கேஷில்தான் இருக்க வேண்டும்.

பொது கேஷுக்கு 2003-இல் வந்த மெம்கேஷ்டு, 2009-இல் வந்த ரெடிஸ், ரெடிஸின் உரிமம் மாறியதையடுத்து 2024-இல் அதிலிருந்து பிரிந்த வால்கீ என மூன்றும் இருக்கின்றன. இந்த அளவு வேலைக்கு எது எடுத்தாலும் சரி. தேர்வு செய்வதில் நாள் கடத்தாதீர்கள்.

போன் கேஷ்தான் இந்தக் கரைக்கு ரொம்ப முக்கியம். கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக சிக்னல் விட்டுவிடும். அதன் பிறகு போனில் இருக்கும் நகல்தான் எல்லாமே. வலைச் செயலி என்றால் உலாவியின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் வழியாக முன்னறிவிப்பைச் சேமித்துவிடலாம். ஒரே நிபந்தனை: திரையில் "காலை 6.10 நிலவரம்" என்று நேரம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நேரம் இல்லாத பழைய முன்னறிவிப்பைவிட வெற்றுத் திரையே மேல்.

சர்வர் பதிலோடு சேர்த்து அனுப்பும் குறிப்புகளான எச்டிடிபி தலைப்புகளில் ஒரு பொறி உண்டு. கேஷ்-கன்ட்ரோலில் "நோ-கேஷ்" என்று கொடுத்தால் சேமிக்கவே கூடாது என்று பொருளல்ல. சேமிக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். சேமிக்கவே கூடாது என்பதற்கு "நோ-ஸ்டோர்". உரிமையாளர் கணக்குக்கு நோ-ஸ்டோர், கூண்டு எண்ணுக்கு நோ-கேஷும் கூடவே பதிலின் பதிப்பை அடையாளம் காட்டும் இ-டேக்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடும், முழுப் பதிலும் மறுபடி வராது. டேட்டாவும் மிச்சம்.

படி 4: கீ

கேஷில் ஒரு பதிலை எந்தப் பெயரில் வைத்து எடுக்கிறோமோ அதுதான் கீ. பதில் எதையெல்லாம் பொறுத்து மாறுமோ அதெல்லாம் கீயில் இருக்க வேண்டும். இறாலுக்கு விலை கவுண்டை வைத்துத்தான்: கிலோவுக்கு 30 நிற்பது பெரிய இறால், 60 நிற்பது சின்னது, விலை எட்டாத தூரம். "விலை:தங்கச்சிமடம்:இறால்" என்று கீ வைத்துவிட்டால், முதலில் கேட்டவர் 30 கவுண்ட் கேட்டிருந்தால் அடுத்து 60 கேட்டவருக்கும் அதே விலை போகும். டெஸ்டில் இது மாட்டாது, ஏனென்றால் டெஸ்டில் ஒரே கவுண்டைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். "வி2:விலை:தங்கச்சிமடம்:இறால்:30" என்பது சரி. முன்னால் நிற்கும் வி2, தரவின் அமைப்பு மாறும்போது வி3 ஆகும். பழையவற்றைத் தேடித் தேடி அழிக்க வேண்டாம், தானாகக் காலாவதியாகிவிடும்.

படி 5: படிக்கும் வழி, எழுதும் வழி

படிப்பது எளிது. கேஷில் கேள், இருந்தால் கொடு, இல்லாவிட்டால் டேட்டாபேஸில் எடுத்து, டிடிஎல்லோடு (காலாவதியாகும் வரையிலான ஆயுள்) கேஷில் வைத்துவிட்டுக் கொடு. கேஷ்-அசைடு என்பது இதைத்தான். பெரும்பாலான செயலிகளுக்கு இதுவே போதும்.

எழுதும் வழியில்தான் நிதானம் வேண்டும். விலை மாறினால் முதலில் டேட்டாபேஸில் எழுதி கமிட் ஆகட்டும் (மாற்றம் உறுதியாகட்டும்). அதன் பிறகு கேஷ் கீயை அழியுங்கள். முதலில் கீயை அழித்துவிட்டுப் பிறகு எழுதினால், இடையில் வரும் ஒருவர் பழைய விலையை டேட்டாபேஸிலிருந்து எடுத்து மறுபடி கேஷில் வைத்துவிடுவார். கீயில் புது விலையை நேரடியாக எழுதலாமே என்று தோன்றும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் விலை மாற்றினால், டேட்டாபேஸில் ஒரு வரிசையும் கேஷில் வேறு வரிசையுமாகி இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்கலாம். அழிப்பதே பாதுகாப்பு.

சரியான வரிசையில் செய்தாலும் ஒரு சின்னச் சந்து மிச்சமிருக்கிறது. மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். 6 மணி 10 நிமிஷம் 5 விநாடி: ஒரு வியாபாரி விலை கேட்கிறார், கேஷில் இல்லை, சர்வர் டேட்டாபேஸிலிருந்து 520 ரூபாய் என்று படிக்கிறது. படித்த கையோடு, நினைவகத்தைத் துப்புரவாக்கும் கார்பேஜ் கலெக்‌ஷனோ வேறு எதுவோ, அந்தச் சர்வர் ஒரு நொடி தடைப்பட்டு நிற்கிறது. அதே நொடியில் ஏலக்காரர் 540 என்று பதிகிறார். கமிட் ஆகிறது. கீயை அழிக்கும் கட்டளை போகிறது, ஆனால் கேஷில் அழிக்க எதுவுமே இல்லை. 6 விநாடி: தடைப்பட்ட சர்வர் எழுந்து, கையில் வைத்திருந்த 520-ஐக் கேஷில் வைக்கிறது. டேட்டாபேஸில் 540, கேஷில் 520. இனி யாரும் அந்தக் கீயை அழிக்கப்போவதில்லை.

டிடிஎல் 30 விநாடி என்றால் இந்தத் தப்பின் ஆயுளும் 30 விநாடிதான். டிடிஎல்லே வைக்கவில்லை என்றால் அடுத்த விலை மாற்றம் வரை 520-தான். "நாங்கதான் மாறும்போதெல்லாம் அழிச்சுடுறோமே, டிடிஎல் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். படிப்பதற்கு ரெப்ளிகா (நகல்) டேட்டாபேஸ் வைத்திருந்தால் இந்தச் சந்து இன்னும் அகலமாகும்: கீயை அழித்துவிட்டீர்கள், ஆனால் ரெப்ளிகாவுக்குப் புது விலை இன்னும் வந்து சேரவில்லை.

படி 6: எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால்

ஏல நேரத்தில் தங்கச்சிமடம் இறால் விலையை விநாடிக்கு 500 பேர் கேட்கிறார்கள் என்று வையுங்கள். க்வெரிக்கு 200 மில்லிசெகண்ட். கீ காலாவதியான நொடியில் முதல் ஆள் டேட்டாபேஸுக்குப் போய்த் திரும்புவதற்குள் 100 பேர் பின்னாலேயே அதே க்வெரியோடு போயிருப்பார்கள். 100 க்வெரி ஒன்றாக விழுந்தால் 200 மில்லிசெகண்ட் 200-ஆகவே இருக்காது, நீளும். நீள நீள இன்னும் பலர் சேர்வார்கள். கேஷ் வைத்த பிறகு சர்வர் படுப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்குப் பூட்டு ஒன்று போதும். கேஷில் இல்லை என்று கண்ட முதல் கோரிக்கை மட்டும் ஒரு பூட்டுக் கீயை வைக்கட்டும். ரெடிஸின் செட் கட்டளையில் என்எக்ஸ் கொடுத்தால், ஏற்கெனவே இல்லாதபோது மட்டும்தான் வைக்கும். பூட்டுக்கும் சில விநாடி ஆயுள் கொடுங்கள், பூட்டியவர் பாதியில் செத்தால் கதவு திறக்க வேண்டுமே. மற்றவர்கள் சில பத்து மில்லிசெகண்ட் பொறுத்து மறுபடி கேஷைப் பார்க்கட்டும். அதைவிட நல்லது, பழைய மதிப்பை இன்னும் கொஞ்ச நேரம் கூடவே வைத்திருந்து, ஒருவர் புதுசை எடுத்துவரும்வரை மற்றவர்களுக்குப் பழசைக் கொடுப்பது. எச்டிடிபியில் ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் செய்வதும் இதையேதான். மெம்கேஷ்டை மிகப் பெரிய அளவில் ஓட்டிய ஃபேஸ்புக், 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதே சிக்கலுக்கு "லீஸ்" என்ற முறையை விவரித்திருக்கிறது.

கூடவே, எல்லாக் கீக்கும் ஒரே மாதிரி 30 விநாடி கொடுக்காமல் 27-இலிருந்து 33-க்குள் ஏதோ ஒன்றைக் கொடுங்கள். ஒன்பது கரையின் விலையும் ஒரே நொடியில் காலாவதியாகாது.

"இல்லை" என்ற பதிலையும் கேஷில் வைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அன்று சீலா மீன் வரத்தே இல்லை என்றால் க்வெரி வெறுங்கையோடு திரும்பும். வெறுங்கையைச் சேமிக்காவிட்டால் கேட்கும் ஒவ்வொருவரும் டேட்டாபேஸ் வரை போய்வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மீன்களுக்கு மிக அதிகமாகப் போகும் பதிலே "இல்லை"தான். ஆனால் அதன் ஆயுள் குறைவாக இருக்கட்டும். ஒரு நாள் முழுக்க வைத்தால், தடை முடிந்து படகுகள் கரை திரும்பும் முதல் காலையில் கரை நிறைய இறால் கிடக்கும்போது செயலி மட்டும் "வரத்து இல்லை" என்று காட்டிக்கொண்டிருக்கும்.

படி 7: இடம் நிறைந்தால்

ரெடிஸுக்கு நினைவக உச்சவரம்பு கொடுத்துவிட்டு, எதை வெளியேற்றுவது என்று சொல்லாமல் விட்டால், இயல்பமைப்பு நோ-எவிக்‌ஷன். அதாவது நிறைந்ததும் புதிதாக எழுத வரும் கட்டளைகளுக்குப் பிழை கொடுக்கும். கேஷுக்கு இது ஒத்துவராது. ஆல்கீஸ்-எல்ஆர்யு என்று மாற்றினால் நெடுநேரம் யாரும் தொடாததைத் தள்ளும். மாதாந்திர அறிக்கை ஒன்று பழைய விலைகளையெல்லாம் ஒரே மூச்சில் படித்துக் கேஷை நிரப்பும் பழக்கம் இருந்தால், எத்தனை தடவை கேட்கப்பட்டது என்பதைப் பார்க்கும் எல்எஃப்யு மேல். லாகின் செஷன்களையும் கேஷையும் ஒரே ரெடிஸில் கலக்காதீர்கள். இடம் பற்றாமல் செஷன் வெளியேறினால் ஆட்கள் லாக்-அவுட் ஆவார்கள்.

படி 8: கேஷோ மூலமோ விழுந்தால்

ரெடிஸ் பதில் சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? 50 மில்லிசெகண்ட் போதும். அதற்குள் வராவிட்டால் டேட்டாபேஸுக்குப் போங்கள், ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை க்வெரிதான் என்று ஒரு வரம்போடு. வரம்பு இல்லாவிட்டால் ரெடிஸ் விழுந்த அடுத்த நிமிஷம் டேட்டாபேஸும் விழும்.

மூலம் விழுவது வேறு கதை. முன்னறிவிப்புத் தளம் பதில் தரவில்லை, நம் கேஷிலும் நேரம் முடிந்துவிட்டது. அப்போது என்ன காட்டுவது? துறைமுகக் கூண்டு முறையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. எச்சரிக்கை எண்கள் 1 முதல் 11 வரை உண்டு. 10 வரை உள்ளவை வானிலை அபாயத்தைச் சொல்பவை. 11-க்குப் பொருள் வேறு: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார். ஆபத்து இல்லை என்பதையும் தகவல் இல்லை என்பதையும் அந்த முறை குழப்பிக்கொள்வதில்லை. உங்கள் கோடிலும் அந்த வேறுபாடு வேண்டும். மூலம் பதில் தராதபோது பூஜ்யமோ வெற்றுப் பட்டியலோ கேஷில் போய் உட்காரக் கூடாது. அது திரையில் "எச்சரிக்கை இல்லை" என்றுதான் தெரியும். கடைசியாகக் கிடைத்ததை அதன் நேரத்தோடு காட்டி, "இதற்குப் பின் தொடர்பு இல்லை" என்று தனி நிலையாக எழுதுங்கள். கேஷில் மதிப்போடு கூட, மூலத்திலிருந்து எடுத்த நேரத்தையும் சேமித்தால்தான் இது முடியும்.

படி 9: மறுபடி அளங்கள்

கேட்டதில் எத்தனை சதவீதம் கேஷிலேயே கிடைத்தது என்பதுதான் முதல் எண். கேஷுக்கு 2 மில்லிசெகண்ட், டேட்டாபேஸுக்கு 200 என்று வைத்தால், 90 சதவீதம் கிடைத்தால் சராசரி 22 மில்லிசெகண்ட். 50 என்றால் 102. 20 என்றால் 162. சராசரி 22 என்று சந்தோஷப்படும் முன் படி 1-இல் எழுதிவைத்த 95 சதவீதக் கணக்கைப் பாருங்கள். 90 பேருக்குத்தான் கேஷில் கிடைக்கிறது என்றால், 95-ஆவது ஆள் இன்னும் டேட்டாபேஸ் வரை போய்த்தான் வருகிறார், அவருக்கு 202. கேஷ் வைத்த பிறகும் புகார் குறையவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அப்போது மறுபடி க்வெரியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணை மொத்தமாக எடுக்காமல் தகவல் வகைவாரியாகப் பிரித்து எடுங்கள். மீன் பெயர்ப் பட்டியலின் 99 சதவீதம், மூக்கையூர் விலையின் 15 சதவீதத்தை மறைத்துவிடும். சின்னக் கரை, கேட்பவர் குறைவு, இரண்டாவது ஆள் வருவதற்குள் 30 விநாடி முடிந்துவிடுகிறது. அங்கே டிடிஎல்லை நீட்டலாமா என்று படி 2-இன் தாளைப் பாருங்கள். நீட்ட முடியாது என்றால் அந்தக் கீக்குக் கேஷை எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸே நேரடியாகப் பதில் சொல்லட்டும்.